பனிச்சறுக்கு வகுப்பு: வயது வரம்பு எதைச் சொல்கிறது?

குழந்தைக்குப் பனிச்சறுக்கு கற்றுத்தர விரும்பும் பெற்றோர் பலர், பயிற்சிப் பள்ளி குறிப்பிடும் வயது வரம்பைக் குழந்தையின் திறமைக்கான அளவுகோலாகவே பார்க்கிறார்கள். பிரான்ஸின் இ.எஸ்.எஃப். பனிச்சறுக்குப் பள்ளிகளில் மழலையருக்கான ‘பியூ பியூ’ வகுப்பு பொதுவாக 3 வயதில் தொடங்குகிறது. அமெரிக்காவில் பல இடங்களில் குழு வகுப்புக்கு 3 அல்லது 4 வயதாகியிருக்க வேண்டும். தனிப் பயிற்சிக்கு அதைவிடச் சிறியவர்களையும் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஸ்னோபோர்டுக்கோ வரம்பு பெரும்பாலும் கூடுதல். குழந்தை ஒன்றுதான், வகுப்பு மாறினால் எண்ணும் மாறுகிறது. ஆக, அந்த எண் வகுப்பின் அமைப்பைப் பற்றியது, குழந்தையின் தகுதியைப் பற்றியதல்ல. இது புரியாததால் வரும் நம்பிக்கைகள் மூன்று.

நம்பிக்கை 1: எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

உண்மை: வேகத்தைக் குறைக்க, இரு சறுக்குப் பலகைகளின் முன்முனைகளையும் நெருக்கி, பின்பகுதியை அகட்டி நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு இதைப் ‘பீட்சா’ என்று சொல்லித்தருவார்கள். இரு கால்களையும் உட்புறம் திருப்பி அப்படியே நிறுத்திவைக்கும் பலமும் கட்டுப்பாடும் இதற்குத் தேவை. மூன்று வயதில் ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்பதே பெரிய காரியம். உடலின் அளவுக்குத் தலையும் கனம். அமெரிக்க வீராங்கனை மிகேலா ஷிஃப்ரின் மழலைப் பருவத்திலேயே தொடங்கவில்லையா என்று கேட்கலாம். தொடங்கினார்தான்; ஆனால் பனிச்சறுக்கில் ஊறிய பெற்றோரும் பனி சூழ்ந்த ஊரும் அவருக்கு வாய்த்தன. அதே வயதில் தொடங்கிப் பயந்துபோய் விட்டுவிட்டவர்கள் செய்தியில் வருவதில்லை. ‘ஐந்தில் வளையாதது’ என்னும் பழமொழிகூட இரண்டு வயதைச் சொல்லவில்லை.

நம்பிக்கை 2: அப்பா அம்மாவோடு ஒரே வகுப்பு என்றால் வயது ஒரு பொருட்டல்ல.

உண்மை: குடும்ப வகுப்பில்தான் வயது அதிகம் உறுத்தும். மழலையர் வகுப்பில் மெதுவாக நகரும் கம்பளத்தில் ஏறி, சிறு சரிவில் இறங்கி, கையுறை நனைந்ததும் உள்ளே போய்ச் சூடான சாக்லேட் குடித்து, மறுபடி வருவார்கள். குடும்ப வகுப்பிலோ பத்து வயது அண்ணன் உயரமான சரிவுக்குப் போகத் துடிப்பான். தங்கைக்கு அதற்குள் குளிரெடுக்கும், கழிப்பறை தேவைப்படும். எடைக்கு ஏற்ற உடற்பரப்பு சிறு குழந்தைகளுக்கு அதிகம் என்பதால் உடல்சூடும் வேகமாகக் குறையும். ஆல்ப்ஸ் பகுதியின் பல லிஃப்ட்களில் 1.25 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தை பெரியவர் துணையின்றி நாற்காலியில் ஏற முடியாது. ஒரே பயிற்சியாளர் இத்தனையையும் சமாளித்தால் யாரும் உருப்படியாகக் கற்க முடியாது.

நம்பிக்கை 3: ஹெல்மெட்டும் இடுப்புப் பட்டையும் இருந்தால் போதும்.

உண்மை: ஹெல்மெட் கட்டாயம் வேண்டும், இத்தாலி 2005இலேயே 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கையும் எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிப்பகுதி நீளம் பார்த்துத்தான் பொருத்துகிறார்கள். 10 வயதுக்குக் கீழே இருந்தால் எளிதில் கழன்றுகொள்ளும்படி ஒரு படி தளர்த்துவார்கள். ஆனால் இவையெல்லாம் விழுந்தபின் அடியைக் குறைப்பவை. நிற்கக் கற்றுத்தருபவை அல்ல. பின்னாலிருந்து பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால், குழந்தை அதில் சாய்ந்து பழகும்; தானாக நிற்கப் பழகாது.

சுட்டியான மூன்று வயதுக் குழந்தைக்கு இந்த வரம்பு அநியாயம் அல்லவா என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்கு வழி, வயதைக் கூட்டிச் சொல்வதல்ல. அரை மணி நேரத் தனிப் பயிற்சி. எங்கு சேர்த்தாலும் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை குழந்தைகள், எந்த லிஃப்ட், கழிப்பறைக்கு அழைத்துப் போவது யார்.