முதலில் ஒளி, பிறகு வண்ணம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் பெரியோர். கணினியில் முகச்சித்திரம் தீட்டுவோருக்குச் சுவராக அமைவது கறுப்பு வெள்ளைச் சித்திரமாகும். சாம்பல் நிறச் சாயல்களால் முகத்தை முதலில் முடித்துவிட்டு, அதன்மேல் வண்ணம் ஏற்றும் முறையைச் சற்றே காண்போம்.

இம்முறை கணினியோடு பிறந்ததன்று. ஐரோப்பிய ஓவியர் பலர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சாம்பல் நிறத்தில் அடிச்சித்திரம் தீட்டி, அது காய்ந்தபின் மெல்லிய எண்ணெய் வண்ணங்களைப் படலம் படலமாகப் பூசினர். நம் நாட்டு ஸ்டூடியோக்களிலும், கலர் பிலிம் பரவுமுன், கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின்மேல் கையால் வண்ணம் தீட்டித் தந்தனர். 1957இல் வெளிவந்த 'மாயாபஜார்' தெலுங்குப் படம் 2010இல் கணினியால் வண்ணம் பெற்றதும் ஏறக்குறைய இவ்வழியிலேதான்.

இதனால் என்ன பயன்? மஞ்சள் இயல்பாகவே வெளிச்சமானது, நீலம் ஆழமானது. நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரே வேளையில் தேர்ந்தெடுக்க முயன்றால் கண் தடுமாறும். சாம்பல் நிறத்தில் வரையும்போது ஒளி, நிழல் என்னும் ஒரே கணக்கைத்தான் தீர்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நமது திண்ணனூர் நாட்டில் காலை வெயிலில் அமர்ந்து சாமை புடைக்கும் பாட்டி ஒருவரை வரைவோம்.

1. திரை முழுவதையும் நடுத்தரச் சாம்பலால் நிரப்புக. வெள்ளைத் திரையில் எந்தச் சாயலும் உள்ளதைவிடக் கறுத்தே தோன்றும்.

2. வெயில் வரும் பக்கத்தை முடிவு செய்து, ஒளி, நடு, நிழல் என மூன்றே சாயல்களால் முகத்தை அமைக்கவும். சுருக்கங்களும் இமை மயிரும் கடைசியில் வரட்டும்.

3. படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்க்கவும். அப்போதும் பாட்டியை அடையாளம் தெரிந்தால் அடித்தளம் சரி.

4. மேலே புதிய லேயர் ஒன்று சேர்த்து, அதைக் 'கலர்' என்னும் முறையில் வைத்து வண்ணமிடுக. கீழுள்ள ஒளி நிழல் மாறாது. இலவசமாகக் கிடைக்கும் 'கிரிட்டா' மென்பொருளிலேயே இவ்வசதி உண்டு.

5. ஒரே பழுப்பு நிறத்தைப் பூசி நிறுத்தினால் முகம் சாம்பல் பூசியது போலிருக்கும். மூக்கு நுனியிலும் காதிலும் சிவப்பும், ஒளியும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் செம்மண் நிறமும், வானைப் பார்க்கும் நெற்றியில் சிறிது இளநீலமும் சேர்த்தால் உயிர் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இளஞ்சிவப்புக் கிரேயானைத் 'தோல் நிறம்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அழகுபடுத்துவதாக எண்ணி, கறுத்த முகத்தை வெளுக்க வைப்போரும் உளர். பாட்டியின் முகத்தை வெளுக்கச் செய்தால் என்ன நேரும்? கன்னத்து எலும்பைக் காட்டிய நிழல் கரைந்துவிடும். நெற்றியின் பளபளப்பும் மங்கிவிடும். வெள்ளை அதிகமானால், தனித்து ஒளிர அதற்கு இடமில்லை. படத்தில் இருப்பவர் வேறு யாரோ ஆகிவிடுவார். கறுப்பு என்பது ஒளியின் குறைவன்று. ஒளி நன்கு தெரியும் இடம் என்பதைச் சாம்பல் சித்திரம் நமக்குக் கற்பிக்கிறது.

அன்புத் தோழியரே! கணினி இல்லையே என்று கவலை வேண்டாம். கரித்துண்டும் ஒரு தாளும் போதும். அடுத்த விடுமுறையில் உங்கள் பாட்டியின் முகத்தை வரைந்து அவரிடமே காட்டுங்கள். "இது நான்தான்" என்று அவர் சொன்னால், அதன்பின் வண்ணப் பெட்டியைத் திறவுங்கள்!