கூறுகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தல்

செய்நிரலை இயக்காமலே அதன் மூலக்குறிமுறையைப் பரிசோதித்து வழுக்களைச் சுட்டிக்காட்டும் மென்பொருள் 'லின்ற்' எனப்படும். 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ரீபன் ஜோன்சன் சீ மொழிக்காக இதனை முதலில் எழுதினார். ஜாவாஸ்கிரிப்ற் மொழிக்கான ஈஎஸ்லின்ற் 2013இல் உருவாக்கப்பட்டது.

வினா: பாடசாலைப் புள்ளிப் பதிவு மென்பொருளொன்றில் திரை, அனுமதி, தரவுத்தளம் என மூன்று கூறுகள் உள்ளன. திரைக் கூறானது தரவுத்தளக் கூறினை நேரடியாக இறக்குமதி செய்தால் ஏற்படக்கூடிய தீங்கு யாது? அதனைத் தடுப்பது எவ்வாறு?

விடை:
1. அனுமதிச் சோதனை தவிர்க்கப்படும். உரிமையற்றவரும் புள்ளிகளை மாற்ற இடமேற்படும்.
2. ஈஎஸ்லின்றின் 'நோ-ரெஸ்ரிக்ரட்-இம்போட்ஸ்' விதியைத் திரைக் கோப்புகளுக்கு இட்டு, அதில் தரவுத்தளக் கூறினைத் தடைசெய்தல் வேண்டும். 'அனுமதிக் கூறின் ஊடாகச் செல்க' என்ற செய்தியையும் சேர்க்கலாம்.
3. விதியின் மட்டம் 'வழு' (2) ஆக இருத்தல் வேண்டும். 'எச்சரிக்கை' (1) எனின் செய்தி தோன்றும். ஆயினும் சோதனை சித்தியடைந்துவிடும்.

கவனிக்க: இவ்விதி 'இம்போட்' கூற்றுகளைப் பார்க்கும், 'றிக்குவயர்' மூலம் அழைப்பதைப் பிடிக்காது. மேலும், இது எழுதுபவரின் தவறைத் தடுக்குமேயன்றி, செய்நிரல் இயங்கும்போது பாதுகாப்பளிக்காது. ஆகவே அனுமதிச் சோதனையை நீக்கலாகாது.