பிள்ளையின் பணமும் பெற்றோரின் அமானிதமும்

திருக்குர்ஆனின் நான்காவது அத்தியாயமாகிய அன்னிஸாவின் ஆறாவது வசனத்தில், அநாதைகளின் பொருளுக்குப் பொறுப்பேற்றவர்களுக்கு அல்லாஹ் தஆலா ஒரு முறையை வகுத்துத் தந்திருக்கிறான். அப்பிள்ளைகள் திருமணப் பருவத்தை அடையும் வரை அவர்களைச் சோதித்து வர வேண்டும்; பொருளைக் கையாளும் பக்குவம் தென்பட்டால் அதை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்; ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்வசனத்தின் கருத்தாகும்.

இங்கே 'சோதித்து வருதல்' என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வயது வந்துவிட்டால் மட்டும் போதும் என்று இறைவன் விட்டுவிடவில்லை. பருவம் தானாக வரும்; பணத்தை ஆளும் பக்குவம் பழக்கினால்தான் வரும். தகப்பனை இழந்த பிள்ளைக்கே இத்தனை ஏற்பாடு என்றால், தாயும் தகப்பனும் அருகிலிருக்கும் நம் பிள்ளைகளை நம்மில் எத்தனை பேர் இப்படிப் பழக்குகிறோம்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் நம் தோல் வட்டாரத்தில் பலரும் சம்பாதித்துச் சாப்பிடும் குடும்பங்கள் ஏராளம். ஷூ கம்பெனியில் தாயும் தமக்கையும் உழைக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆர்டர் வந்தால் ஓவர்டைம். வராவிட்டால் மளிகைக் கடையில் பற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்து தொழிற்சாலைகள் மூடிக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஏற்றமும் இறக்கமும் உள்ள தொழிலை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளை, பணத்தின் அருமையை வீட்டிலேயே கற்றுக்கொள்ள வேண்டாமா?

முதல் பாடம் பெற்றோருக்கே

பெருநாள் தொழுகை முடிந்ததும் தாதாவும் நானியும், சாச்சாவும் மாமூவும் பிள்ளைகளின் கையில் 'ஈதி' வைக்கிறார்கள். மாலைக்குள் அந்தக் காசு தாயின் கைக்கு வந்துவிடுகிறது. "நான் வைத்திருக்கிறேன், அப்புறம் தருகிறேன்" என்று சொல்கிறோம். அந்த 'அப்புறம்' பல வீடுகளில் வருவதேயில்லை.

இது சிறிய விஷயமன்று. பிள்ளையின் கையில் அன்பளிப்பாக வைக்கப்பட்ட பணம் பிள்ளைக்கே சொந்தம் என்பது மார்க்கச் சட்டம். கத்னா போன்ற வைபவங்களில் பெற்றோரை எண்ணித் தரப்படும் பணம் ஊர் வழக்கத்தைப் பொறுத்தது. ஆனால், பிள்ளைக்கென்றே தரப்படும் பெருநாள் காசுக்குத் தாயும் தகப்பனும் காவலர்கள் மட்டுமே. அநாதையின் பொருளைக் காப்பவர் வசதியுள்ளவராக இருந்தால் அதைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், ஏழையாக இருந்தால் நியாயமான அளவே எடுக்கலாம் என்று மேற்சொன்ன வசனமே கூறுகிறது. நம் சொந்தப் பிள்ளையின் காசிலும் இந்தப் பேணுதல் நமக்கு இருக்க வேண்டும்.

ஒரு பெண்மணி தம் பிள்ளையை, "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தபோது, என்ன கொடுக்கப் போகிறீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்று அவர் சொன்னதும், எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். அபூதாவூதில் வரும் இந்த ஹதீஸை நம் 'அப்புறம் தருகிறேன்' என்ற பேச்சோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். வாக்குத் தவறுவதை நம்மிடமே கற்ற பிள்ளை, நாளை கடனைத் திருப்பித் தருவதில் எப்படி நாணயமாக இருக்கும்?

ஆகவே, ஒரு சிறு நோட்டில் பிள்ளையின் பெயரை எழுதி, யார் எவ்வளவு தந்தார்கள் என்று தேதியுடன் குறியுங்கள். உங்களுக்கு அவசரத் தேவை வந்தால் அதிலிருந்து கடனாக எடுத்து, எடுத்ததை அந்த நோட்டிலேயே பிள்ளைக்குக் காட்டி எழுதுங்கள். திருப்பி வைக்கும் நாளில் அதையும் எழுதுங்கள். அமானிதம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

சட்ட நூல்கள் காட்டும் வழி

நம் அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயா முதலான ஹனபி நூல்களில், விவரம் தெரிந்த பிள்ளையின் கொடுக்கல் வாங்கல் மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. அன்பளிப்பைப் பெறுவது போல முழுக்க நன்மையானது, யார் அனுமதியுமின்றிச் செல்லும். தன் பொருளைப் பிறருக்கு இனாமாகக் கொடுப்பது போல முழுக்க இழப்பானது, தகப்பன் அனுமதித்தாலும் செல்லாது. வாங்குவது விற்பது போல லாபமும் நஷ்டமும் கலந்தது, பொறுப்பாளரின் அனுமதியுடன் செல்லும். ஷாபிஈ மத்ஹபில் பிள்ளை செய்யும் வியாபாரம் செல்லாது. எனினும், பேரம் பேசச் செய்து அதைச் சோதிக்கலாம். ஒப்பந்தத்தைப் பொறுப்பாளர் முடிக்க வேண்டும்.

இதிலிருந்து இரு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போய் விலை கேட்கவும், பேரம் பேசவும், மீதிச் சில்லறையை எண்ணி வாங்கவும் பழக்குவது இரு மத்ஹபினருக்கும் இயன்ற காரியம். மற்றொன்று, ஸதகாவைப் பழக்குகிறோம் என்று பிள்ளையின் உண்டியலைத் திறந்து பள்ளிவாசல் பெட்டியில் போடச் செய்வது சரியன்று. உங்கள் காசைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். கொடுக்கும் பழக்கமும் வரும். பிள்ளையின் உடைமையும் காக்கப்படும்.

வயதுக்கேற்ற பயிற்சி

ஏழு வயதுக்கு முன், பணத்தைக் கண்ணால் பார்க்கட்டும். 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களைத் தரையில் பரப்பி இனம் பிரிக்கச் சொல்லுங்கள். இன்று போனைக் காட்டினால் சாமான் கைக்கு வருகிறது. பணம் குறைவதைப் பிள்ளை காண்பதில்லை. எனவே வாரத்தில் ஒரு நாளாவது ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். போனில் செலுத்தினால், மீதி எவ்வளவு என்பதையும் காட்டுங்கள்.

தொழுகையை ஏவும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஏழு வயதிலிருந்து, வாரத்துக்கு ஒரு சிறு தொகையைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். முதல் நாளே தின்பண்டத்தில் தீர்த்துவிட்டால், அடுத்த வாரம் வரை மீண்டும் கொடுக்காதீர்கள். திட்டவும் வேண்டாம். பத்து ரூபாயில் படும் நஷ்டம் பாடமாகும். அதே பாடத்தைப் பெரியவனான பின் பத்து லட்சத்தில் கற்றால் குடும்பமே தெருவுக்கு வரும்.

பத்து வயதில் வரவு செலவு எழுதப் பழக்குங்கள். அண்ணன் தங்கையிடம் ஐந்து ரூபாய் கைமாற்று வாங்கினாலும், தொகையும் திருப்பித் தரும் நாளும் எழுதப்படட்டும். தாய் சாட்சியாக இருக்கட்டும். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமாகிய அல்பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியதன்றோ!

லாபம் எங்கிருந்து வருகிறது?

இனி எல்லாவற்றிலும் முக்கியமான பாடம். வீட்டிலிருக்கும் ஒரு ஜோடி ஷூவை நடுவில் வைத்து, இதன் விலையில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஆட்டுத்தோல், அதைப் பதனிட்ட செலவு, அடி அட்டை, நூல், பசை, தைத்த தாய்மார்களின் கூலி, லாரி வாடகை என ஒவ்வொன்றாகப் பிள்ளை சொல்லட்டும். இவையெல்லாம் போக மிஞ்சுவது லாபம். சரக்கு திரும்பி வந்தால் அதுவே நஷ்டம். உழைப்போ, சரக்கோ, நஷ்டத்தை ஏற்கும் பொறுப்போ இல்லாமல் லாபம் வருவதில்லை என்பது பிள்ளையின் மனதில் பதிய வேண்டும். வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியதன் நியாயமும் அப்போது விளங்கும்.

இக்கேள்வியைக் கேட்காததன் விலை என்ன? 2019இல் பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, 'ஹலால் முதலீடு' என்று நம்பிய பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்து நின்றன. 2022இல் நம் வேலூரை அடுத்த காட்பாடியின் ஐ.எஃப்.எஸ். நிதி நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. மாதந்தோறும் வரும் தொகையை நம்பிப் பணம் போட்டவர்கள் தவித்தார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் எட்டு ரூபாய் என்று ஒருவர் சொன்னால், ஆண்டுக்கு தொண்ணூற்றாறு ரூபாய் ஆகிறது. முதலையே ஏறக்குறைய இரட்டிப்பாக்கும் அந்த வியாபாரம் எது, அதில் நஷ்டம் யாருக்கு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கேட்க முடியும். கேட்கும் பழக்கத்தை நாம்தான் தர வேண்டும்.

அன்பான சகோதர சகோதரிகளே! பிள்ளைக்கு வீடும் நகையும் சேர்த்து வைக்க நாம் ஓடாய்த் தேய்கிறோம். அதை ஆளத் தெரியாத கையில் ஒப்படைத்தால் எத்தனை நாள் நிற்கும்? வருகிற ஜும்ஆவுக்குள் அந்தச் சிறு நோட்டை வாங்கிப் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். முன்பு வாங்கி வைத்த பெருநாள் காசு நினைவிருந்தால், அதையே முதல் வரியாகக் குறியுங்கள்.

அமானிதத்தைப் பேணும் பெற்றோராக நம்மையும், ஹலாலை அறிந்து உண்ணும் மக்களாக நம் சந்ததிகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.