ஆரணித் தறிக்கு முடிவெடுப்பது யார்?

கேள்வி: நெசவாளியின் பிழைப்பை மற்றவர்கள்தான் தீர்மானிக்கிறார்களா?
– வாசகர், ஆரணி

பதில்: பெருமளவுக்கு ஆம். ஆரணியில் பலர் முதலாளியிடம் பாவு, ஊடை, ஜரிகை வாங்கி, வீட்டுத் தறியில் நெய்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார்கள். நிறம், புட்டா, கரை அகலம், விற்பனை விலை எல்லாம் முதலாளியின் முடிவு. சேலை தேங்கினால் முதல் முடங்குவது அவருக்கு. அடுத்த பாவு வராமல் தறி நிற்பது நெசவாளிக்கு.

அதற்கும் மேலே டெல்லி இருக்கிறது. 2021 மத்திய பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 15 ஆனது. பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிக்கு அது அரண். இறக்குமதிப் பட்டை நம்பிய தறிகளுக்குக் கூடுதல் செலவு.

எல்லா முடிவும் பாதகமில்லை. குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. விசைத்தறிக்காரர்கள் எதிர்த்தும், 1993இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கூட்டுறவுச் சங்கத்தில் நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேர்தல்கள் தவறாமல் நடக்க வேண்டும். நூல் வரியை மாற்றும் முன் நெசவாளர்களையும் அரசு அழைத்துக் கேட்க வேண்டும்.