இருபத்து நான்காவது அட்டை
போர் விளையாட்டிலிருந்து ஒரு வரலாற்றுப் பாடம்

ஒரத்தநாடு ஒன்றியத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். இரண்டாம் உலகப்போர் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசை மாணவன் ஒருவன் நோட்டின் பின்பக்கத்தில் மும்முரமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுவதும் சிறுசிறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண்.

"என்னப்பா இது?"

"ஜெர்மன் டிவிஷன் சார். போன்ல விளையாடுற கேமுக்கு நானே செட் பண்றேன். இதை யாராலயும் ஜெயிக்க முடியாது சார்."

வழக்கம்போல் கடிந்துவிட்டு நோட்டை மேசையில் வைத்துக்கொண்டேன். அன்று இரவு அது உறுத்தியது. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு நான்கு வரி எழுதத் தயங்குகிற பிள்ளை, ஒரு படையின் அமைப்பை யாரும் சொல்லாமலே தேடித் தேடி எழுதியிருக்கிறான். அதே சமயம், ஒரு கொடிய அரசின் படையை அவன் வியந்து பார்க்கிறான். இந்த ஆர்வத்தை அணைக்கவும் கூடாது, அந்த வியப்பை அப்படியே விட்டுவிடவும் கூடாது. மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"இதில் குதிரை எங்கே?"

"குதிரையா சார்? அவங்ககிட்ட டாங்க்தான் சார் இருந்துச்சு." வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்கியதுதான் இங்கே பகிரும் செயல்பாடு.

முதல் சுற்று: படையைக் கட்டுதல்

தேவையான பொருள்கள்: பழைய கல்யாணப் பத்திரிகைகள், ஸ்கெட்ச் பேனா, ஒரு தாயக்கட்டை. பத்திரிகைகளை ஒரே அளவில் வெட்டினால் அட்டைகள் தயார். இரண்டு பாடவேளைகள் போதும்.

போரின் தொடக்கத்தில் ஒரு முழுமையான ஜெர்மன் காலாட்படை டிவிஷனில் சுமார் 17,700 பேர் இருந்தனர். மூன்று காலாட்படை ரெஜிமென்ட்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பட்டாலியன்கள். ஆக 9 அட்டைகள். பீரங்கி ரெஜிமென்ட்டில் நான்கு பட்டாலியன்கள். அவற்றுக்கு 4 அட்டைகள். உளவு, டாங்கி எதிர்ப்பு, பொறியாளர், தகவல்தொடர்பு ஆகிய பிரிவுகளுக்கு 4 அட்டைகள். இதுவரை 17.

மாணவர்கள் இத்துடன் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் விளையாடும் விளையாட்டும் ஏறக்குறைய இத்துடன்தான் நிற்கிறது. "இவர்கள் காலையில் என்ன சாப்பிடுவார்கள்? காயம்பட்டால் யார் பார்ப்பார்கள்? வீட்டுக் கடிதம் எப்படி வரும்?" என்று கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அட்டை கூடியது: சரக்கு வண்டி அணி, ரொட்டி சுடும் கம்பெனி, இறைச்சிப் பிரிவு, மருத்துவப் பிரிவு, களத் தபால் நிலையம், கால்நடை மருத்துவக் கம்பெனி. இவை அத்தனையும் உண்மையிலேயே அந்த டிவிஷனில் இருந்தவை. மொத்தம் 23 அட்டைகள்.

கால்நடை மருத்துவக் கம்பெனி என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம் ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே! "படையில் மாட்டு டாக்டருக்கு என்ன சார் வேலை?" என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதில்தான் குதிரை. அந்த டிவிஷனில் சுமார் 5,000 குதிரைகள் இருந்தன. ஓர் இலகுரகப் பீரங்கியை இழுக்க ஆறு குதிரைகள் வேண்டும். டிவிஷனில் இருந்தவை 36 இலகுரகப் பீரங்கிகள். 36 × 6 = 216. மீதிக் குதிரைகள் கனரகப் பீரங்கி, குண்டு வண்டி, சமையல் வண்டி, சரக்கு வண்டி என எல்லாவற்றையும் இழுத்தன.

திரைப்படங்களும் விளையாட்டுகளும் காட்டும் டாங்கிப் படை, ஜெர்மன் ராணுவத்தின் ஒரு சிறு பகுதி மட்டுமே. பெரும்பகுதி நடந்தும் குதிரை வண்டியிலும்தான் சென்றது. 1941 ஜூன் மாதம் சோவியத் நாட்டின் மீது படையெடுத்தபோது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளும் சென்றன.

இரண்டாம் சுற்று: படையை நகர்த்துதல்

கரும்பலகையில் பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு சாலை வரைந்தோம். ஒரு கட்டம் ஒரு நாள் பயணம். ஒவ்வொரு நாளும் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் மழை, சேறு. அன்று தீவனம் வந்து சேராது. தீவனம் வராவிட்டால் மறுநாள் ஒரு பீரங்கி அட்டை பின்தங்கிவிடும்.

இப்போது கணக்கு. ஒரு குதிரைக்குத் தானியமும் வைக்கோலுமாக நாளொன்றுக்கு 10 கிலோ என்று வைத்துக்கொண்டோம். 5,000 குதிரைகளுக்கு 50,000 கிலோ. அதாவது 50 டன். டெல்டாப் பிள்ளைகளுக்கு இது வெறும் எண்ணாக இருக்கவில்லை. "ஏக்கருக்கு ரெண்டு டன் வைக்கோல்னு வச்சா, ஒரு நாளைக்கே இருபத்தஞ்சு ஏக்கர் வேணும் சார்" என்றாள் ஒரு மாணவி. மாதத்துக்கு 750 ஏக்கர் என்று இன்னொருவர் பெருக்கினார். அதுவும் ஒரே ஒரு டிவிஷனுக்கு.

அப்போது, நோட்டில் கட்டம் போட்டிருந்த அந்த மாணவனே கேட்டான்: "அவ்வளவு வைக்கோல் அவங்களுக்கு ஏது சார்?"

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இதுதான். ஜெர்மனியிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவர முடியாது. படை போன ஊரில் எடுத்துக்கொண்டார்கள். தீவனம் மட்டுமல்ல, தானியம், மாடு, பன்றி, கோழி எல்லாம். இது போர் நடக்கும்போது தற்செயலாக நேர்ந்ததும் அல்ல. பிடிக்கும் நிலத்தின் உணவைக் கொண்டே படையை நடத்துவது, அதனால் அங்குள்ள மக்கள் பல லட்சக்கணக்கில் பட்டினியால் சாவார்கள் என்பது தெரிந்தே, படையெடுப்புக்கு முன்பே திட்டமிடப்பட்டது. சிறைபிடிக்கப்பட்ட சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம் பேரில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியாலும் குளிராலும் நோயாலும் கொலையாலும் இறந்தனர். யூத மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதிலும் ராணுவத்தின் பிரிவுகளுக்குப் பங்கிருந்தது.

வகுப்பு அமைதியானது. "அப்ப அந்த ஊர்க்காரங்க என்ன சாப்பிட்டாங்க?" என்று முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. சற்று நேரம் கழித்து அந்த மாணவன் ஒரு வெற்று அட்டையை எடுத்து, 'கிராமம்' என்று எழுதி, சாலையின் ஓரத்தில் வைத்தான். அதுதான் எங்கள் இருபத்து நான்காவது அட்டை. அதன் பிறகு விளையாட்டின் விதி மாறியது. படை ஒரு நாள் நகர்ந்தால், கிராமத்தின் கையிருப்பில் ஒரு புள்ளி குறையும்.

இந்த இடத்தில் நம் நாட்டையும் இணைக்கலாம். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அதனுடன் விலையேற்றமும் ஆங்கில அரசின் போர்க்காலக் கொள்கைகளும் சேர்ந்துகொள்ள, 1943இல் வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்தனர். நெல் விளையும் மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்குப் போரையும் சோற்றையும் சேர்த்துப் புரியவைக்க இதைவிட நெருங்கிய சான்று வேண்டியதில்லை.

மூன்றாம் சுற்று: அட்டைகளை எடுத்தல்

1944இல் ஜெர்மனி டிவிஷனின் அமைப்பையே சுருக்கியது. ரெஜிமென்ட்டுக்கு மூன்று பட்டாலியன் என்பது இரண்டானது. டிவிஷனின் பலம் ஏறத்தாழ 12,500 ஆனது. மாணவர்கள் மூன்று காலாட்படை அட்டைகளை எடுத்துவிட்டு, குறைந்தது எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டார்கள்: ஏறத்தாழ 29. ஆனால் வரைபடத்தில் அது அப்போதும் 'ஒரு டிவிஷன்'தான். பெயர் மாறவில்லை, உள்ளே ஆள் குறைந்துவிட்டது. ஓர் எண்ணைப் பார்த்ததும் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் வரலாற்றுக்கு மட்டுமல்ல, செய்தித்தாள் படிக்கவும் வேண்டும்.

நம்மவர்கள் இருந்த பக்கம்

அடுத்து, அதே முறையில் ஓர் இந்திய டிவிஷனைக் கட்டினோம். ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்ட நான்காவது இந்திய டிவிஷனை எடுத்துக்கொண்டோம். மூன்று பிரிகேடுகள், பிரிகேடுக்கு மூன்று பட்டாலியன்கள். இங்கும் 9 அட்டைகள். பொதுவாக மூன்றில் ஒன்று பிரிட்டிஷ் பட்டாலியன், இரண்டு இந்தியப் பட்டாலியன்கள்.

பொறியாளர் அட்டையை எழுதும்போது, அதில் மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்களும் இருந்தார்கள் என்று சொன்னேன். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் அவர்களில் ஒருவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது தம் உடலைக் கிடத்தி, உடனிருந்தோரைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவர் மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அதுவரை 'பாலம் கட்டுறவங்க' என்று ஓரமாகக் கிடந்த அட்டையைப் பிள்ளைகள் நடுவில் வைத்தார்கள்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன், இத்தாலியப் படைகளிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்களிலிருந்து, நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் முயற்சியால் ஜெர்மனியில் இந்திய லீஜியன் உருவானது. ஜெர்மன் ராணுவப் பதிவில் அது 950ஆம் காலாட்படை ரெஜிமென்ட். மூன்று பட்டாலியன்கள். அதற்கும் குதிரைகள் இருந்தன!

"ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்கதானே சார்? யார் செஞ்சது சரி?" என்று கேட்டார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரு வீரர்களும் வீட்டுக்கு எழுதுவதாக இரண்டு கடிதங்கள் எழுதச் சொன்னேன். நான்கு வரிக்குத் தயங்கிய பிள்ளை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான்.

ஆசிரியர்கள் கவனத்துக்கு

நாஜிச் சின்னங்களை அட்டைகளில் வரைய அனுமதிக்க வேண்டாம். குழுக்களுக்கு ஜெர்மன் தளபதிகளின் பெயரையும் வைக்க வேண்டாம். வெற்றி தோல்விக்கு மதிப்பெண் தராமல், "ஏன் நகர முடியவில்லை?" என்பதற்கான விளக்கத்துக்கு மதிப்பெண் தரலாம். கணித ஆசிரியரும் ஒரு பாடவேளை இணைந்தால் விழுக்காடும் விகிதமும் உயிர்பெறும்.

தொடக்க வகுப்புகளுக்குப் போர் வேண்டாம். முறை மட்டும் போதும். 'நம் ஊர்த் தேர் ஓட யார் யார் வேண்டும்?' என்று கேளுங்கள். வடம் பிடிப்பவர்களில் தொடங்கி, முட்டுக்கட்டை போடுபவர், தண்ணீர்ப் பந்தல் வைப்பவர், மறுநாள் தெருவைக் கூட்டுபவர் வரை அட்டைகள் வரும். கண்ணில் படாத உழைப்பைத் தேடிப் பார்க்க அங்கேயே கற்றுக்கொள்வார்கள்.

அந்த மாணவன் இப்போதும் போனில் விளையாடுகிறான். ஒரு நாள் என்னிடம் வந்து சொன்னான்: "சார், அந்த கேம்ல கிராமமே இல்ல சார். வெறும் மேப்புதான்."

அந்தக் குறையை அவனே கண்டுபிடித்தான். எனக்கு அது போதும்.