தரகு

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெரு, கரமனை, வலியசாலை ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பணி மாற்றத்தாலோ பணி ஓய்வாலோ அவற்றுள் சில, வீட்டை விற்றுவிட்டுத் தமிழ்நாட்டிற்குத் திரும்புவதுண்டு. தரகரை நாடுவதா, தாமே விற்பதா என்னும் வினா அப்போது எழும்.

விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்து வைப்பவர் தரகர். அதற்கு அவர் பெறும் கூலி தரகு. மலையாளத்தில் 'தரகன்' என்பது குடும்பப் பெயராகவும் வழங்குகிறது. தரகைப் பேசி முடிப்பதே வழக்கம். 60 இலட்சம் ரூபாய்க்கு விற்கும் வீட்டிற்கு நூற்றுக்கு இரண்டு எனப் பேசினால், தரகு 1,20,000 ரூபாய். இது சிறு தொகையன்று.

தெருவின் விலை நிலவரம் அறிந்த பழக்கமும், பார்க்க வருவோர்க்கெல்லாம் கதவைத் திறந்து காட்டும் நேரமும் அத்தொகைக்குக் கிடைக்கும். முன்னரே ஊரைவிட்டுச் சென்றவர்க்கு இவை பெரிதும் உதவும். உள்ளூரிலேயே இருப்பவர் அண்டை வீட்டாரிடம் சொல்லியும் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தும் தாமே விற்கலாம். ஆயினும் தரகு முழுவதும் அவர் கையில் மிஞ்சுமென்பதற்கில்லை. வாங்க வருபவரும் அதைக் கணக்கிட்டே விலையைக் குறைக்கக் கேட்பார்.

எவ்வழியில் விற்றாலும் பத்திரத்தில் கையொப்பமிடுபவர் வீட்டின் உரிமையாளரே. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலம் ஆகியவற்றின் விற்பனை பதிவுப் பத்திரத்தால் மட்டுமே நிறைவேறும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். கேரளத்தில் பத்திரம் பெரும்பாலும் மலையாளத்தில் எழுதப்படுகிறது. அதைப் படிக்க இயலாதவர், தரகர் சொல்லும் பொருளையே நம்பிக் கையொப்பமிட நேர்கிறது. விற்பனை முடிந்தால்தான் தரகர்க்குக் கூலி. ஆதலால், தொடர்பற்ற வேறொருவரைக் கொண்டு படித்துக் கேட்பதே தக்கது. வீட்டில் மலையாளம் கற்ற பிள்ளை இருந்தால் அப்பிள்ளையும் உடனிருந்து படிக்கலாம்.

சொற்களும் மயக்கம் தரும். தமிழ்நாட்டார் 'பத்திரம்' என்பதைக் கேரளத்தார் 'ஆதாரம்' என்பர். 'பட்டா மாறுதல்' இங்கே 'போக்குவரவு'. நிலத்திற்கு அரசு வகுத்த மதிப்பு 'நியாயவில' எனப்படும். நியாயவிலைக் கடைக்கும் இதற்கும் தொடர்பில்லை!

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பதிவுபெற்ற புதிய குடியிருப்புத் திட்டங்களில் வீடு விற்கும் தரகரும் பதிவு பெறவேண்டும் என்கிறது. கேரளத்திற்கான ஒழுங்குமுறை ஆணையம் திருவனந்தபுரத்திலேயே உள்ளது. ஆனால், ஒருவர் தம் பழைய வீட்டை விற்கும்போது இவ்விதி துணைக்கு வாராது. எனவே, தரகு எவ்வளவு, அதை யார் தருவது, முன்பணம் பெற்றபின் விற்பனை நின்றுபோனால் தரகு உண்டா என்பவற்றை முதலிலேயே தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்வர், விவரமறிந்தோர்.

பயிற்சி

1. 45 இலட்சம் ரூபாய்க்கு விற்ற வீட்டிற்கு நூற்றுக்கு ஒன்றரை வீதம் தரகு எவ்வளவு?
2. 'ஆதாரம்' என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் தரும் பொருள்களை வேறுபடுத்தி எழுதுக.
3. தரகரோடு செய்துகொள்ளும் உடன்பாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.