பத்தேப்பூர் சிக்ரியில் கல்தச்சரின் கைவண்ணம்

ஆக்ரா என்றதும் அனைவர் நினைவிலும் தோன்றுவது தாஜ்மகால்தான். வட இந்தியச் சுற்றுலாவின்போது நாங்களும் அதைக் கண்டு களித்தோம். ஆயினும் எங்கள் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது, அங்கிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் பாறைக் குன்றின்மேல் அமைந்துள்ள பத்தேப்பூர் சிக்ரியே.

ஆண் வாரிசு நிலைக்காமல் வருந்திய அக்பர், சிக்ரியில் வாழ்ந்த சலீம் சிஷ்டி என்னும் சூஃபி ஞானியை நாடி வந்தார். 1569-இல் மகன் பிறந்தான். அம்மகனுக்கு ஞானியின் பெயரையே சூட்டினார். பின்னாளில் ஜஹாங்கீர் எனப் பெயர் பெற்றவர் அவரே. 1571 முதல் இங்கே புதிய தலைநகர் எழுந்தது.

எங்கு நோக்கினும் செந்நிறக் கல். அது அந்த வட்டாரத்திலேயே கிடைக்கும் மணற்கல். திவான்-இ-காஸ் என்னும் மண்டபத்தை வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி போலத் தெரிகிறது. உள்ளே சென்றாலோ ஒரே கூடம். அதன் நடுவே ஒற்றைத் தூண்! கீழே சதுரமாகத் தொடங்கி மேலே எண்பட்டையாக மாறும் அத்தூணின் உச்சியில் 36 போதிகைகள் அடுக்கடுக்காக விரிந்து ஒரு வட்ட மேடையைத் தாங்குகின்றன. மேடையிலிருந்து நான்கு மூலைகளுக்கும் ஒடுங்கிய கற்பாலங்கள் செல்கின்றன. நம் ஊர்க் கோயில் தூண்களிலும் போதிகை உண்டு. ஆனால் ஒரே தூணில் இத்தனையை நாங்கள் கண்டதில்லை. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றோம்.

அடுத்து, "இது மரியம் மாளிகை, அக்பரின் கிறிஸ்தவ மனைவி வாழ்ந்த இடம்" என்றார் வழிகாட்டி. எங்களுக்கு ஒரே பூரிப்பு! ஆனால் வரலாற்று ஆசிரியையான சிஸ்டர் புன்னகையுடன் தலையசைத்து மறுத்தார். மரியம்-உஸ்-ஸமானி என்பது ஜஹாங்கீரின் தாயாருக்கு வழங்கிய பட்டம். அவர் ஆம்பேர் நாட்டு ராஜபுத்திர இளவரசி. கிறிஸ்தவ மனைவி இருந்ததற்குத் தக்க சான்று இல்லையாம். சிலருக்கு முகம் வாடிவிட்டது.

உண்மையான கிறிஸ்தவத் தொடர்பு வேறு. அக்பரின் அழைப்பை ஏற்று, 1580-இல் கோவாவிலிருந்து இயேசு சபைக் குருக்கள் மூவர் இந்நகருக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரான ருடால்ப் அக்குவாவிவா, 1583-இல் கோவாவில் கொல்லப்பட்டு, 1893-இல் அருளாளராக உயர்த்தப்பட்டவர். பல மொழிகளில் அச்சிட்ட திருவிவிலியத்தை அவர்கள் அரசருக்கு அளித்தனர்.

இன்னொருவரான அந்தோனி மொன்செராத்தே எழுதி வைத்த குறிப்புகள் கட்டடக் கலைக்கே பெரிய உதவி. கற்களை வேறிடத்தில் அளவாகச் செதுக்கி, இங்கே கொண்டுவந்து பொருத்தினார்கள் என்கிறார் அவர். அரசரே சில வேளைகளில் தொழிலாளருடன் சேர்ந்து கல் வெட்டினாராம்! சாலமோன் ஆலயம் கட்டியபோது சுத்தியல் ஓசை கேட்கவில்லை என்று வேதாகமத்தில் படிக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இதை அறிந்தபின் எல்லாம் விளங்கியது. தூண், உத்திரம், போதிகை, சாய்ந்த கொடுங்கை யாவும் மரவேலையின் முறையே. குஜராத், ராஜஸ்தான் பகுதிகளின் கலைமரபு இதில் நன்றாகத் தெரிகிறது. தமிழில் இவ்வேலை செய்வோரைக் கல்தச்சர் என்பது எவ்வளவு பொருத்தம்! ஐந்து அடுக்குள்ள பஞ்ச் மகாலில் கீழ்த்தளத்தில் 84 தூண்கள். அவை 56, 20, 12 எனக் குறைந்து, உச்சியில் 4 தூண்களுடன் முடிகின்றன. காற்று தடையின்றி வீசுகிறது.

1585-இல் அக்பர் லாகூருக்குச் சென்றுவிட்டார். தண்ணீர்ப் பஞ்சமே காரணம் என்பர். வடமேற்கு எல்லையைக் காக்க வேண்டியிருந்ததும் முக்கிய காரணம் என்றே நாங்கள் கருதுகிறோம். எப்படியாயினும், பதினான்கே ஆண்டுகளில் தலைநகர் வெறிச்சோடியது.

இறுதியாக, படிகளோடு சேர்த்து 54 மீட்டர் உயரமுள்ள புலந்த் தர்வாஜா. அதன் பாரசீகக் கல்வெட்டில் மரியாளின் மகன் இயேசுவின் பெயர் உள்ளது! உலகம் ஒரு பாலம், கடந்து செல்லலாம், அதன்மேல் வீடு கட்டலாகாது என்று அவர் சொன்னதாக அதில் பொறித்துள்ளனர். இச்சொல் நற்செய்தி நூல்களில் இல்லை. இஸ்லாமிய மரபில் இயேசுவின் பெயரால் வழங்கி வருவது.